நானே சரிசெய்துகொண்டேன்

அந்த ஒற்றை வரியைப் படித்ததும் சனாயேவுக்கு வந்த கோபத்தில் வலது கால் தானாக எழும்பி மேசையை உதைத்தது. மேசைமேல் இருந்த பார்லி தேநீர் கவிழ்ந்து, உதவியாளர் ஹொரியின் மடியில் கொட்டியது.

“ஐயோ! என்ன ஆச்சு சனாயே-சான்?” என்று ஹொரி துள்ளி எழுந்தாள்.

சனாயே கண்ணால் கணினித் திரையைக் காட்டினாள். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய கேள்வி பதில் பக்கம் அது. யாமாமே என்று ஆற்றுமீன் பெயரை வைத்துக்கொண்ட ஒருவர் கேட்டிருந்தார்: ‘பேசும் பலகையில் இரண்டு வரிசை எழுத்துகள் மட்டும் வேலை செய்யவில்லை. மற்றவை நன்றாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் உதவ முடியுமா?’ கீழே மூன்று பதில்கள். ‘முதலில் தேடிப் பார்த்துவிட்டு வா’ என்றது ஒன்று. ‘மாடல் எண் எங்கே, படம் எங்கே, நாங்கள் என்ன ஜோசியக்காரர்களா?’ என்றது அடுத்தது. மூன்றாவது மட்டும் ‘திறந்து பார்த்தீர்களா?’ என்று மனிதனைப் போலக் கேட்டிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு மணி நேரம் கழித்து, யாமாமே மறுபடி எழுதியிருந்தார்.

‘நானே சரிசெய்துகொண்டேன். எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.’

அவ்வளவுதான். அதோடு கேள்வியை மூடிவிட்டார்கள்.

எப்படிச் சரிசெய்தாய்? எந்தத் திருகாணியைக் கழற்றினாய்? எதைத் துடைத்தாய்? ஒரு வரி, ஒரே ஒரு வரி கூட எழுதினால் உன் விரல் தேய்ந்தா போயிருக்கும்? சனாயே ஐந்து நாளாக இடது கால் பெருவிரலால் சுட்டியை உருட்டி உருட்டித் தேடி, ஊர் உலகத்தில் தன் பலகையின் அதே வியாதி வந்த ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த ஆள் மருந்தைத் தான் மட்டும் குடித்துவிட்டுப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

சனாயேவுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் ஆ, ஊ தவிர வேறு வராது. பேச்சு மொத்தமும் மடியில் இருக்கும் பலகைதான். எழுத்துக்கு ஒரு பொத்தான், பொத்தானுக்கு ஒரு துளை என்று மேலே தட்டு போட்டிருக்கும், நடுங்கும் விரல் அடுத்த எழுத்தில் போய் விழாதபடி. அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பலகை ஒரு பெண்குரலில் உச்சரிக்கும், கடைசிப் பொத்தானைத் தட்டினால் முழுதாகச் சேர்த்துச் சொல்லும். அந்தக் குரலில் அவள் இருபது வருடம் சிரிப்புக் காட்டியிருக்கிறாள், மருத்துவர்களைத் திட்டியிருக்கிறாள், ஒருவனுடன் மூன்று வருடம் வாழ்ந்து அவனைத் துரத்தியும் விட்டிருக்கிறாள். போன வாரம் சாலையைக் கடக்கும்போது மடியிலிருந்து பலகை நழுவியது. மேலே ஒரு சரக்கு லாரி ஏறிவிட்டது.

செய்த கம்பெனி அதை நிறுத்திப் பத்து வருடமாகிறது. நகராட்சியில் கேட்டால் கண்ணாடித் திரை போட்ட டேப்லெட்டைக் கொடுக்கிறேன் என்கிறார்கள். சனாயேவின் கை அதில் பட்டால் ஒரே நேரத்தில் ஒன்பது இடத்தில் படும். கடைசியில் ஹொரிதான் பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோக்களும் ரிமோட்டுகளும் குவிந்த நீலப் பெட்டியில், அதே மாடல் ஒன்றைத் தோண்டி எடுத்தாள். ‘ஜங்க், பழுதான சாமான். சோதிக்கவில்லை. திருப்பி எடுக்கமாட்டோம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் குரல் வந்தது. சனாயே அழுதே விட்டாள். பிறகு, வாய் வந்த சந்தோஷத்தில் ஹொரியை ‘மடச்சி’ என்று செல்லமாகத் திட்டப் பார்த்தாள். பலகை ‘டச்சி’ என்றது. ம வரிசையும், ரவும் றவும் சேர்ந்த வரிசையும் செத்துக் கிடந்தன. அந்தப் பலகையால் நன்றி சொல்லவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது.

அது கூடப் பரவாயில்லை. இரண்டுமே சனாயே அதிகம் புழங்காத சொற்கள். ஆனால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சியில் விசாரணை. அவளுக்கு உதவியாளர் வரும் நேரத்தை வாரத்துக்கு முப்பது மணி குறைக்கப்போகிறார்கள். குறைத்தால் மத்தியானம் சாப்பாடு ஊட்ட ஆள் இல்லை. கழிப்பறைக்குத் தூக்கிவிட ஆள் இல்லை. தனி வீட்டை விட்டுவிட்டு விடுதிக்குப் போகவேண்டியதுதான். அதை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வேண்டும், முழு வாய்.

எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு போகலாமே என்பார்கள். ஒருமுறை போனாள். அட்டையில் ‘ப’வைத் தொட்டாள். ‘பத்தாது’ என்று சொல்ல வந்தாள். எதிரே இருந்த அதிகாரி ரொம்ப நல்லவர், முகமெல்லாம் சிரிப்பு. “பரவாயில்லைங்கறீங்களா? ரொம்ப சந்தோஷம்!” என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். அட்டைக்குச் சத்தம் கிடையாது. சத்தம் இல்லாதவளின் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் குப்பை. ‘பேசும் பலகை பழுதா? ஐந்து எளிய வழிகள்!’ என்று தலைப்பு மின்னும். உள்ளே போனால் பலகை என்றால் என்ன, பழுதானால் வருத்தமாக இருக்குமல்லவா என்று மூன்று பக்கம் நீட்டி முழக்கி, நடுவில் முடி வளரும் தைலத்தை விற்று, கடைசியில் ‘எப்படி இருந்தது? நாங்களும் தேடிப் பார்த்தோம், தெரியவில்லை!’ என்று கையை விரிக்கும். இப்படி நாற்பது. தெரியாது என்பதைச் சொல்ல ஒரு தளம் எதற்கடா, பாவிகளா?

யாமாமேயின் பெயரைச் சொடுக்கினாள். இன்னும் உயிரோடு ஒரு பழைய சொந்தப் பக்கம் திறந்தது. பச்சைப் பின்னணி, ‘யாமாமேயின் ஆற்று நாட்குறிப்பு’, எந்தத் தேதியில் எந்த வளைவில் எத்தனை மீன். கீழே மின்னஞ்சல் முகவரி, விளம்பரக்காரர்கள் களவாடாதபடி நடுவில் நட்சத்திரக் குறி போட்டு. சனாயே ஒரு மணி நேரம் தட்டி எழுதினாள்: ‘பதிமூன்று வருடத்துக்கு முன் எப்படிச் சரிசெய்தீர்கள்? சொல்லாவிட்டால் விடமாட்டேன்.’

மறுநாள் பதில் வந்தது. ‘அந்த யாமாமே நான்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. நேரில் வந்தால் சொல்கிறேன். வருவது சிரமமென்றால் விட்டுவிடுங்கள். கொமாகி.’ முகவரி இதே ஊர்தான், மலையோரப் பேருந்தின் கடைசி நிறுத்தம்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினார்கள். பேருந்தில் சனாயே யாமாமேயின் பக்கத்தை ஹொரியின் போனில் மறுபடி மேயவைத்தாள். அந்தக் காலத்துப் பக்கங்களில் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வரிசை போட்டுக் கொடுப்பார்கள். கொமாகியும் கொடுத்திருந்தார். பதினொன்று இறந்த இணைப்புகள். பன்னிரண்டாவது திறந்தது. ‘தூண்டில் கொட்டகை’ என்று பெயர். ஒரு படகுக்காரர், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிகளைத் தானே பிரித்துப் பூட்டியவர், பிரித்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தார். விளம்பரம் கிடையாது. எந்தத் திருகாணி எத்தனை மில்லிமீட்டர் என்றுகூட இருந்தது.

ஹொரி சத்தமாகப் படித்தாள். “‘பொத்தான் வரிசை வரிசையாகச் செத்தால் பெரும்பாலும் பொத்தானுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளின் வால்தான் காரணம். வால் மடங்கும் இடத்தில் வெள்ளிக் கோடுகள் வெடித்திருக்கும். வெடிப்புக்கு மேலே நேராக வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி சொருகு. என் வீட்டு மீன் கருவி, மச்சான் வீட்டுக் கால்குலேட்டர், எல்லாம் இப்படித்தான் பிழைத்தன. வாலுக்கு நீளம் மிச்சம் இருக்கவேண்டும், அது முக்கியம். சந்தேகம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.’ சனாயே-சான்! இதானே நம்ம வியாதி!”

சனாயே “ஆஆ!” என்று கத்திய கத்தலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தை வரிசையில் சேர்த்து வைத்ததே அந்தக் கொமாகிதானே?

கொமாகி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குனிந்து குனிந்து வரவேற்றார். ஹொரியும் அவருமாகச் சக்கர நாற்காலியை வாசற்படிக்கு மேல் தூக்கி வைத்தார்கள். உள்ளே தேநீர், உப்பில் ஊறிய கீரை, அரிசி பிஸ்கட். ஜன்னலோரம் சாய்வான நாற்காலியில் ஓர் இளம்பெண், கழுத்துக்கு இருபுறமும் தலையணை. தலை நன்றாக வாரியிருந்தது. சனாயேவின் மடியில் இருந்த பலகையை விட்டு அவள் கண் நகரவில்லை.

“என் பொண்ணு வகானா. அப்ப பதினஞ்சு வயசு. பலகை அவளோடதுதான்” என்றார் கொமாகி.

சனாயே பலகையைத் தட்டினாள். “எப்படி செஞ்சீங்க?”

கொமாகி தரையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தாழ்த்தினார். “செய்யலைங்க. சரியாகவே இல்லை.”

தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தார்.

“எல்லாரும் கோவிச்சுக்கிட்டாங்க. மாடல் எண் கேட்டாங்க, படம் கேட்டாங்க. ஒருத்தர் திறந்து பாருன்னு நல்லபடியா சொன்னார். எனக்குத் திறக்கத் தெரியலை. முன்பின் தெரியாதவங்க நேரத்தை வீணாக்குறோமேன்னு கூச்சமாப் போச்சு. சரியாயிடுச்சுன்னு போட்டுட்டா யாரும் சிரமப்பட வேண்டாமேன்னு...”

சனாயேவின் உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. விரல் துளை துளையாகக் குத்தியது. பலகை சாந்தமான அதே பெண்குரலில் சொன்னது: “நீங்க னுஷனா? க்கட்டையா?”

கொமாகி விழித்தார். ஹொரி காது சிவக்க, “அது வந்து, கொமாகி-சான் எப்படி இருக்கீங்கன்னு...” என்று இழுத்தாள். சனாயே அவள் கணுக்காலில் ஓர் உதை விட்டாள்.

“சரி, சரி! மனுஷனா, மரக்கட்டையான்னு கேக்குறாங்க!”

“மரக்கட்டைதாங்க” என்றார் கொமாகி.

இந்தப் பணிவுதான் சனாயேவுக்கு ஆத்திரமூட்டியது. திருப்பிக் கத்துகிறவனோடு சண்டை போடலாம். குனிகிறவனை என்ன செய்வது? கண்ணால் ஹொரிக்குச் சொன்னாள். ஹொரி போனை நீட்டினாள். “உங்க நண்பர் பக்கத்துலயே வழி இருக்குங்க. நீங்களே சேர்த்து வெச்ச பக்கம்.”

கொமாகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “ஆமா, இவரோட நாலஞ்சு தடவை சேர்ந்து மீன் பிடிச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் கேளுன்னுதான் சொல்லுவார். ஆனா இது மீன் கருவி சமாச்சாரமாச்சே. என் வீட்டுக் கஷ்டத்தை மீன் பிடிக்கற இடத்துல போய் எப்படிக் கேக்கறது? அவர் சங்கடப்பட்டிருப்பார்.”

“இத்தனை வருஷம் எப்படிப் பேசினாங்க?” என்று ஹொரிதான் கேட்டாள். அவள் குரலும் மாறியிருந்தது.

“ஆமான்னா கண்ணை மேலே தூக்குவா. இல்லைன்னா சிமிட்டுவா. அம்மா இல்லாத பொண்ணு, நானே எல்லாம் பார்த்துக்கறேன். சொல்லாமலே எனக்குப் புரிஞ்சிடும்.”

ஜன்னலோரத்துப் பெண் கண்ணைச் சிமிட்டினாள். கொமாகி பார்க்கவில்லை. சனாயே பார்த்தாள்.

பதிமூன்று வருடம். தான் ஒருவனைக் காதலித்துத் துரத்திய வருடங்கள், அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய வருடங்கள் எல்லாம் இந்தப் பெண்ணுக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டே சொல்லில் கழிந்திருக்கின்றன. யாரோ நாலு பேருக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று.

“எங்கே?” என்றது சனாயேவின் பலகை. “பலகை எங்கே?”

கொமாகி அலமாரியிலிருந்து கொண்டுவந்தார். தூக்கி எறிய மனம் வராமல் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஹொரி பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். சனாயே முதலில் கொமாகியின் பலகையைத்தான் காட்டினாள். பெருந்தன்மை ஒன்றுமில்லை. வெட்டத் தெரியாத கை முதல் வெட்டை அடுத்தவன் பொருளில் பழகட்டும் என்றுதான். அதை அவள் மறைக்கவும் இல்லை.

எட்டுத் திருகாணி. மூடி திறந்ததும் பொத்தான் தாளின் வால் தெரிந்தது, விரலகலப் பட்டை. படகுக்காரர் எழுதியபடியே மடிப்பில் இரண்டு வெள்ளிக் கோடுகள் மயிரிழை போல வெடித்திருந்தன. ஹொரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரியால் நேராக வெட்டினாள், சொருகினாள். உள்ளே இருந்த பேட்டரி உப்பிப் போயிருந்ததால் சனாயேவின் அடாப்டரைக் குத்தினாள். ம வரிசையை அழுத்தினாள். பலகை “ம, மா, மி” என்றது.

ஐந்து நிமிட வேலை.

கொமாகி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சனாயேவுக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. அழட்டும். நன்றாக அழட்டும்.

ஹொரி பலகையை வகானாவின் மடியில் பொருத்தி, பலகையோடு துணியில் சுற்றியிருந்த அழுத்தும் குச்சியை அவள் இடது கையில் செருகிவிட்டு, சனாயேவின் பலகையைத் திறந்தாள். வாலை விரலால் நீவிப் பார்த்தாள்.

“சனாயே-சான், இதை யாரோ ஏற்கெனவே வெட்டியிருக்காங்க. பாதி வால்தான் இருக்கு. இன்னும் வெட்டினா எட்டாது.”

எட்டவில்லை. இழுத்துப் பார்த்தும் எட்டவில்லை. எவனோ ஒருவன் ஒருமுறை வெட்டிப் பிழைக்கவைத்து, மறுபடி வெடித்ததும் ஒரு துண்டுச்சீட்டுக் கூட எழுதாமல் நீலப் பெட்டியில் போட்டிருக்கிறான். சனாயே நாற்காலி குலுங்கக் கத்தினாள். அந்த ஆ, ஊவில் இருந்த வசவுகளை அகராதியில் தேட முடியாது. வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள். ‘பரவாயில்லைங்கறீங்களா’ என்று சிரித்துக்கொண்டே அந்த அதிகாரி எழுதுவது இப்போதே கண்ணில் தெரிந்தது. ஹொரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “வியாழக்கிழமை நகராட்சி விசாரணைக்கு இன்னும் ரெண்டு நாள்தான். உங்களுக்கு உதவியாளர் வர்ற நேரம் போயிடுமே சனாயே-சான்” என்று தானும் அழுதாள்.

ஜன்னலோரத்திலிருந்து சத்தம் வந்தது. “அ.”

எல்லோரும் திரும்பினார்கள். வகானாவின் குச்சி துளையைத் தேடி நடுங்கிக்கொண்டிருந்தது.

“அப்பாவா? அப்பான்னு சொல்ல வரியா?” கொமாகி முழங்காலாலேயே நகர்ந்து போனார். சனாயே அவரைப் பார்த்து ஓர் உறுமல் உறுமினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“அப்பா” என்றது பலகை. அவர் அழுதுகொண்டே தலையாட்டினார். குச்சி நிற்கவில்லை. “வெளியே.”

“வெளியேயா? ஆத்துக்குப் போகணுமா? இப்பவே கூட்டிட்டுப் போறேன்மா!”

வகானா கண்ணைச் சிமிட்டினாள். வெகுநேரம் தட்டினாள். “நீங்க மட்டும் போங்க. கதவைச் சாத்துங்க.”

கொமாகி எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். ஜன்னல் வழியே அவர் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“வியாழக்கிழமை” என்றது வகானாவின் பலகை. “இதை எடுத்துட்டுப் போங்க.”

ஹொரி பலகையைத் தூக்கிச் சனாயேவின் மடியில் வைத்தாள். முழு வாய் கிடைத்த சனாயே அதை வீணாக்கவில்லை. “வாயை மூடுடி. உங்கப்பா புத்தி உனக்கும் வந்துடுச்சா? யாருக்கும் சிரமம் வேண்டாம்னு விட்டுக் குடுத்துத்தானே பதிமூணு வருஷம் நாசமாப் போச்சு? இன்னைக்குத்தான் வாய் வந்திருக்கு, அதையும் தூக்கிக் குடுக்கறா!”

பலகை திரும்பிப் போனது. அதே பெண்குரல், இப்போது வகானாவுக்காகப் பேசியது. “சும்மா தரலை. நானும் வரேன். நீங்க முதல்ல பேசுங்க. அப்புறம் நான்.”

மறுபடி சனாயேவின் மடி. “அது என் விசாரணை. உனக்கு அங்கே என்ன வேலை?”

வகானா குச்சியை இறுக்கிப் பிடித்தாள். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை நிமிடம் ஆனது. பாதியில் ஹொரிக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். சனாயே முழங்காலால் இடித்தாள். முடிக்காதே. அவளே முடிக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே கொமாகி இன்னும் திரும்பாமல் நின்றிருந்தார். வகானா கடைசிப் பொத்தானைத் தட்டினாள்.

“தினமும் அப்பாதான் என்னைக் குளிப்பாட்டுறார். எனக்கு இருபத்தெட்டு வயசு. ஒரு பொம்பளை ஆள் வேணும்னு நான் கேக்கணும்.”